சுவர்கள் ஆறு, தரை ஒன்று

டக்... டக்... டக்...

பக்கத்து அறையிலிருந்து வந்த அந்தச் சத்தத்தைக் கேட்டு, மருத்துவமனையின் நிர்வாகி தலையைத் தூக்கினார்.

“என்னய்யா அது, பல்லி கத்துற மாதிரி?”

“பல்லி இல்ல சார். ஹார்டு டிஸ்க். உயிரை விடப் போகுது.”

சொன்னவருக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறு எதற்கும் அது தெரியாது. எப்போது பார்த்தாலும் தோளில் ஒரு வயர்ச் சுருள் தொங்குவதால் நர்சுகளுக்கு அவர் வயரண்ணன். டாக்டர்களும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள்.

படிக்கட்டின் கீழே, துடைப்பம் வைக்கக் கட்டிய சின்ன அறையில்தான் அந்த மருத்துவமனையின் சர்வர் இருந்தது. மற்றக் கணினிகளுக்கெல்லாம் தாயைப் போல ஒரு பெரிய கணினி. நோயாளிகளின் பதிவு, ரத்தப் பரிசோதனை முடிவுகள், அவற்றைக் காட்ட வார்டுச் சுவரில் மாட்டியிருக்கும் டிவித் திரைகள், மருந்துக் கடை இருப்பு, மெயில், கேமராப் பதிவு என்று ஆறு வேலைகளை அது ஒன்றே இழுத்துக்கொண்டிருந்தது. ஆறும் ஒரே குவியல். யாரோ ஒருவர் தன் கல்யாணப் படங்களையெல்லாம் மெயிலில் அனுப்பிய ஒரு நாள், மருந்துக் கடையில் பில் வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் கடைக்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டார்கள்.

“சரி, புதுசு ஒண்ணு வாங்கித் தரேன்,” என்றார் நிர்வாகி. “பழசுல இருக்கிறதை அப்படியே அதுல கொட்டிடு. முடிஞ்சுது.”

“கொட்ட வேண்டாம் சார். இந்தத் தடவை தனித்தனியா வைக்கணும்.”

“ஆறு மிஷினா? நான் ஆஸ்பத்திரி நடத்தவா, கம்ப்யூட்டர் கடை போடவா?”

“மிஷின் ஒண்ணுதான் சார். அதுக்குள்ளே ஆறு விர்ச்சுவல் மிஷின். ஒரே கட்டடத்துல ஆறு தனிக்குடித்தனம் மாதிரி. ஒவ்வொருத்தருக்கும் தனிக் கதவு, தனி அடுப்பு. ஒரு வீட்டுல சண்டை வந்தா அடுத்த வீட்டுல பால் திரியாது.”

நிர்வாகி நாற்காலியில் சாய்ந்தார். “என் தம்பி பொண்டாட்டியும் இதையேதான் சொன்னா. ஆறு வீடுன்னா ஆறு வீட்டையும் பெருக்கணுமேய்யா. நீ ஒரே ஆளு. யாரு பெருக்குறது?”

சரியான கேள்விதான். அதே கேள்வியை வயரண்ணனும் பல நாளாகத் தன்னையே கேட்டு நொந்திருந்தார். குவியலாக இருந்தால் பார்த்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. பிரித்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பழுது பார்க்க வேண்டும், காவல் போட வேண்டும், நகல் எடுத்து வைக்க வேண்டும். அவருக்கு உதவிக்கு ஒரு ஈ காக்கை கிடையாது. குளிக்கும்போதுகூட மனசு இரண்டு பக்கமும் ஊசலாடும். கடைசியில் அவரைத் தள்ளிவிட்டது படிப்பும் இல்லை, அனுபவமும் இல்லை. ஒரு இருமல்.

அவர் சின்னப் பையனாக இருந்தபோது அப்பாவும் சித்தப்பாக்களும் ஒரே கூடத்தில் குடியிருந்தார்கள். குடும்பத்துக்குக் குடும்பம் நடுவில் துணித் திரை. திரைக்கு அந்தப் பக்கம் சித்தி அடுப்பு மூட்டினால் இந்தப் பக்கம் கண் எரியும். கைக்குழந்தையான தங்கை அந்தப் புகையில் இருமி இருமி, ஒரு மழைக்காலத்தில் இருமுவதை நிறுத்திவிட்டாள். யாரும் யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. சித்தி மட்டும் அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் அடுப்பே மூட்டவில்லை. துணி வேறு, சுவர் வேறு என்பது அந்த வயதிலேயே அவருக்குத் தெரிந்துபோனது.

“நான் பெருக்குறேன் சார்,” என்றார்.

“அப்போ பிரிச்சுக்கோ. ஆனா இந்த ஒரு பெட்டிதான். இன்னொரு டிஸ்க் வேணும், இன்னொரு பெட்டி வேணும்னு என் முன்னாடி வந்து நிக்கக் கூடாது.”

கேமராப் பதிவுக்கு மட்டுமாவது ஒரு தனி டிஸ்க் வேண்டும் என்று அந்த நிமிடமே அவர் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. வரம் கிடைத்த வேளையில் இன்னொரு வரம் கேட்டால் முதல் வரமும் போய்விடுமோ என்ற பயம். “சரி சார்” என்று எழுந்துவிட்டார். விதி இப்படிச் சின்னச் சின்ன “சரி சார்”களில்தானே உட்கார்ந்திருக்கிறது!

புது இயந்திரம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படிக்கட்டுக்குக் கீழே மடங்கி உட்கார்ந்து ஆறு வீடுகளையும் கட்டினார். ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு இடம் என்று எழுத வேண்டிய கட்டம் வந்தபோது கை நின்றது. ஆறு பேர் கேட்பதையும் கூட்டினால், இருக்கும் டிஸ்க்கைவிட அதிகம். ஆனால் அவர் தொழிலில் அதற்கு ஒரு வழி உண்டு. இடத்தை உண்மையில் கொடுக்காமல், கொடுத்ததாக எழுதிவிடலாம். தேவைப்படும்போது தேவைப்பட்ட அளவு அது தானாக எடுத்துக்கொள்ளும். ஊரில் எல்லாரும் செய்வதுதான். அவரும் எழுதினார்.

அன்று மாலை வீட்டில் அவர் இதைச் சொன்னதும், தட்டைப் போட்டுக்கொண்டே மனைவி கேட்டாள். அவள் அதே மருத்துவமனையில் ரத்தம் பரிசோதிக்கும் லேப் டெக்னீஷியன். கல்யாணத்துக்கு முன்னால், அவள் மேசைக்கடியில் தவழ்ந்து வயர் மாட்டிக்கொண்டிருந்தவரின் விரலைத் தெரியாமல் மிதித்துவிட்டாள். மிதித்த கையையே பிடிக்க வேண்டியதாகிவிட்டது என்று இன்றும் நர்சுகள் கேலி செய்வார்கள்.

“என்னங்க, இருக்கிற இடத்தைவிட அதிகமா எப்படிப் பிரிச்சுக் குடுத்தீங்க?”

“எல்லாரும் ஒரே நேரத்துல முழுசா கேக்க மாட்டாங்க.”

“கேட்டா?”

“கேக்க மாட்டாங்கன்னு சொல்றேன்ல.”

“ஒரே போர்வையை ஆறு பேருக்கும் தரேன்னு சொல்லியிருக்கீங்க. குளிராம இருக்கணும், அவ்வளவுதான்,” என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். பாவம், இரண்டு பேருக்கும் அன்று பசி; அதற்கு மேல் யோசிக்கவில்லை.

புது இயந்திரம் தேன் போல ஓடியது. மெயில் அடைத்துக்கொண்டாலும் மருந்துக் கடையில் பில் வந்தது. ஒரு நாள் மருந்துக் கடையின் மென்பொருள் தடுமாறி விழுந்தபோது வார்டுத் திரைகள் கண் இமைக்கவில்லை. நிர்வாகியே தோளில் தட்டி, “உன் தனிக்குடித்தனம் நல்லாத்தான்யா இருக்கு” என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக வயரண்ணனுக்குக் கொஞ்சம் கர்வம் வந்தது.

அந்தக் கர்வத்தில்தான் அவர் ஒரு வார்த்தை சொன்னார்.

லேபில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. உயிருக்கு ஆபத்தான முடிவு எது வந்தாலும், கணினியில் ஏற்றுவதோடு வார்டுக்குப் போனும் செய்ய வேண்டும். பழைய இயந்திரத்தை யாரும் நம்பாததால் எல்லாரும் தவறாமல் செய்தார்கள். புதிய இயந்திரம் வந்த பிறகு நடந்த ஊழியர் கூட்டத்தில் நர்சுகள், “திரையிலயும் சிவப்புல கத்துது, போனும் கத்துது, எங்க காது என்ன ஆகும்?” என்று முணுமுணுத்தபோது வயரண்ணன் எழுந்தார்.

“இனிமே போன் எதுக்குங்க? அனுப்பினா ஒரு பச்சைக் குறி வரும். வந்துட்டா வார்டுக்குப் போயாச்சுன்னு அர்த்தம். நான் பொறுப்பு.”

நிர்வாகி தலையாட்டினார். எழுத்தில் யாரும் எதையும் மாற்றவில்லை. போன் செய்வது மெல்ல மெல்ல நின்றது. முதலில் நிறுத்தியவள் அவர் மனைவி.

“புருஷன் மிஷின் மேல அவ்வளவு நம்பிக்கையா, லேப் அக்கா?” என்று வார்டு சிஸ்டர் சீண்டினாள்.

“புருஷனை நம்புறேனோ இல்லையோ, அவர் மிஷினை நம்புறேன்,” என்றாள் அவள், வெட்கத்தை மறைத்துக்கொண்டு.

அதன் பிறகு வார்டில் நோயாளிகளின் செல்போன்கள் திருடு போக ஆரம்பித்தன. நிர்வாகி கூப்பிட்டார். “கேமரா எத்தனை நாள் ஞாபகம் வெச்சுக்குது?”

“ஒரு வாரம் சார்.”

“பத்தாது. ரெண்டு மாசத்துக்கு வை. திருடன் யாருன்னு பாத்துடலாம்.”

“டிஸ்க்குல இடம்...”

“ஆரம்பிச்சுட்டியா? தனித்தனியாத்தானே வெச்சிருக்கே? கேமரா வீட்டுல கூட்டம் சேந்தா மத்த வீட்டுக்கு என்ன வந்துது?”

தன் வார்த்தையே தன் முன்னால் வந்து நின்றது. வயரண்ணன் போய் அந்த எண்ணை மாற்றினார். டிஸ்க் நிறைகிறது என்று சில நாட்களாகவே திரையின் மூலையில் ஒரு மஞ்சள் அடையாளம் மினுக்கியது. அடுத்த வாரம் உட்கார்ந்து பழைய பதிவுகளைக் கழிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். பெருக்குகிறேன் என்று சொன்னவர்தான். ஆறு வீடு. ஒரே ஆள்.

அது ஒரு பகல் வேளை. ஒரு பஸ் டிரைவரின் மகள், சிறுநீரகக் கோளாறோடு வார்டில் சேர்க்கப்பட்டிருந்தாள். அவள் ரத்தத்தைப் பரிசோதித்த வயரண்ணனின் மனைவி திடுக்கிட்டாள். பொட்டாசியம் அளவு மேலே, மேலே, எங்கேயோ நின்றது. இதயத்தை எந்த நிமிடமும் நிறுத்திவிடும் அளவு. உடனே ஊசி போட்டால் இறக்கிவிடலாம். அவசரமாக முடிவை ஏற்றினாள். பச்சைக் குறி வந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டு அடுத்த ரத்தக் குழாயைக் கையில் எடுத்தாள். அவள் முழங்கைக்குப் பக்கத்திலேயே போன் இருந்தது.

ஐயோ, அந்தப் பச்சைக் குறி!

அது வந்த மறு நொடி டிஸ்க் நிறைந்துவிட்டது. கேமரா கடைசி இடத்தையும் விழுங்கிவிட்டது. ஆறு வீடுகளுக்கும் நடுவே நல்ல சுவர்கள் நின்றன. ஆனால் எல்லா வீட்டுக்கும் தரை ஒன்றுதான். எழுத ஒரு துளி இடம் இல்லாமல் ஆறும் ஒரே மூச்சில் உறைந்தன. லேபின் வீடு முடிவை வாங்கிக்கொண்டது என்பதற்கு மட்டும்தான் அந்தப் பச்சைக் குறி; வாசலைத் தாண்டாமல் முடிவு அங்கேயே நின்றுவிட்டது.

வார்டுத் திரை அணையவில்லை. அணைந்திருந்தால் யாராவது சத்தம் போட்டிருப்பார்கள். உறைந்த திரையும் அமைதியான திரையும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். ‘பரிசோதனையில் உள்ளது’ என்ற பழைய வரியையே அது காட்டிக்கொண்டிருந்தது. சிஸ்டர் வந்து வந்து பார்த்தாள். கட்டில் ஓரத்தில் நின்ற டிரைவரிடம், “லேப்ல இன்னும் முடியலைங்க, வந்துடும்” என்று சமாதானம் சொன்னாள்.

மருந்துக் கடையில் கூச்சல் கேட்டுத்தான் வயரண்ணன் ஓடிவந்தார். திரையில் ஆறு பெயர்களும் மஞ்சளாகி நின்றதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. பழைய கேமராப் பதிவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு அழித்தார். ஒவ்வொரு வீடாக எழுப்பினார். எல்லாம் பச்சையானது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நல்ல வேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்தபடியே மாடி ஏறினார்.

வார்டுக்குள் நுழைந்தபோது சுவர்த்திரை சிவப்பில் அலறிக்கொண்டிருந்தது. ‘அபாயம். உடனே டாக்டரை அழைக்கவும்.’ அந்தப் பெண்ணின் பெயர் விட்டு விட்டு எரிந்தது. திரைக்குக் கீழே கட்டிலில் அவளை முகத்தோடு சேர்த்து மூடியிருந்தார்கள். டிரைவர் அண்ணாந்து அந்தச் சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாராவது அதை நிறுத்துங்களேன்,” என்று சிஸ்டர் அழுதாள்.

வயரண்ணன்தான் நிறுத்தினார்.

மறுநாளே நிர்வாகி கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“விசாரணைக் கமிட்டி வரப்போகுது. மிஷின் கொஞ்ச நேரம் நின்னுது. ஒத்துக்குவோம். எந்த மிஷின்தான் நிக்காது? ஆனா போன் நிக்கலை. ஆபத்தான முடிவுன்னா போன் பண்ணணும்ங்கிற விதி இன்னும் எழுத்துல அப்படியே இருக்கு. லேப்ல பண்ணலை.”

“சார், போன் வேண்டாம்னு சொன்னது நான். நீங்களும் இருந்தீங்க.”

“நான் தலையாட்டினேனான்னு எனக்கே ஞாபகம் இல்லைய்யா.”

“லேப்ல இருந்தது என் பொண்டாட்டி சார்.”

“அதனாலதான் சொல்றேன். ரெண்டு பேரும் வெளியே போய் நிக்கிறதுக்கு ஒருத்தர் போறது மேல். வீட்டுல ஒரு அடுப்பாவது எரியட்டும். நீ வாயைத் திறக்க வேண்டாம். சும்மா இரு, அது போதும்.”

அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவர் சும்மா இருந்தார்.

இதை எப்படி எழுதுவது? கெட்டவர் இல்லை அவர். தினமும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று கிளம்புவார். மாலையில் சொல்லாத வார்த்தையோடு திரும்புவார். அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரே போர்வையை ஆறு பேருக்கு என்று சிரித்தவள், சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். அவள் கத்தியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். கடைத்தெருவில் ஒரு பெண் அவளைக் காட்டி, “இவதான், போன் பண்ண சோம்பேறித்தனப்பட்டவ” என்று சொன்னது அவர் காதிலும் விழுந்தது. அவள் காய்கறிப் பையைக் கைமாற்றிக்கொண்டு நடந்தாள்.

கமிட்டி கூடுவதற்கு முந்தின நாள் மாலை, யாரோ கதவைத் தட்டினார்கள். உள்ளறையில் படுத்திருந்த வயரண்ணன் எழுந்து உட்கார்ந்தார். மனைவி போய்த் திறப்பது கேட்டது. அறை வாசலில் தொங்கிய துணித் திரையின் இடுக்கு வழியே பார்த்தார். டிரைவர். சீருடையோடு, வேலையிலிருந்து நேராக வந்திருந்தார்.

“நீதானேம்மா அந்த லேப் பொண்ணு?”

“ஆமாங்க. உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. “உன்னைத் திட்டணும்னுதான் வந்தேன். வண்டி ஓட்டிட்டே வார்த்தையெல்லாம் சேத்து வெச்சேன். இப்போ ஒண்ணும் வரமாட்டேங்குது.” வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். “ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதாம்மா? ஒரே ஒரு போன். நான் பக்கத்துலயேதான் நின்னேன். அந்த டிவியில ஒண்ணும் வரலைன்னு சொல்லிட்டே இருந்தாங்க.”

அவள் சொல்லப்போகும் பதிலுக்காகத் திரைக்கு இந்தப் பக்கம் வயரண்ணன் காத்திருந்தார். ‘என் புருஷன்தான் வேண்டாம்னார்’ என்று அவள் சொல்லிவிட்டால் தேவலை. சொல்லிவிடேன். நீயே சொல்லிவிடேன்.

“பண்ணியிருக்கணும்ங்க,” என்றாள் அவள். “போன் பக்கத்துலதான் இருந்துது.”

அவ்வளவுதான். அவர் பெயரை அவள் எடுக்கவே இல்லை.

வயரண்ணன் கை நீட்டித் திரையை விலக்கினார்.

“அவ அனுப்பிட்டாளுங்க,” என்றார். “நேரத்துக்கு அனுப்பிட்டா. நடுவுல நின்னது என் மிஷின்ல.”

மனைவி திரும்பிப் பார்க்கவில்லை.

“நீ யாரு?”

“இவ புருஷன். அந்த கம்ப்யூட்டரைப் பாத்துக்கிறவன். ஒண்ணு கெட்டா இன்னொண்ணு கெடக் கூடாதுன்னு ஆறையும் தனித்தனியா வெச்சேங்க. சுவர்தான் எழுப்பினேன், தரையைப் பாக்கலை. இருக்கிற இடத்தைவிட அதிகமா எல்லாத்துக்கும் எழுதி வெச்சேன். கேமரா முழுசையும் தின்னுடுச்சு. எல்லாம் ஒண்ணா நின்னுபோச்சு. போன் வேண்டாம், நான் பொறுப்புன்னு கூட்டத்துல சொன்னதும் நான்தான்.”

டிரைவர் அதை மெல்ல மெல்ல விழுங்கினார். “கேமராவா? எதுக்குக் கேமரா?”

“வார்டுல செல்போன் திருடு போகுதுன்னு, ரொம்ப நாள் பதிவு வைக்கச் சொன்னாங்க.”

“செல்போனு.” டிரைவர் சிரித்தார். அழுகையைவிட மோசமான சிரிப்பு. “என் பொண்ணு செல்போன் திருடு போகலை. வீட்டுலதான் இருக்கு. அப்பப்போ அடிக்குது. யாரு எடுக்கிறது, என்ன சொல்றதுன்னு தெரியாம நாங்க பாத்துட்டே இருக்கோம்.”

தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“இப்போ எதுக்கு இதைச் சொல்ற? இத்தனை நாள் எங்கே இருந்தே?”

“உள்ளேதான் இருந்தேன்,” என்றார் வயரண்ணன்.

“நாளைக்குக் கமிட்டி முன்னாடி இதையே சொல்லுவியா?”

“சொல்லுவேன்.”

“வேலை போயிடும்.”

“போகும்.”

“போகட்டும்,” என்றார் டிரைவர். கோபமாகக்கூட இல்லை. அடுத்த நிறுத்தம் எதுவென்று சொல்வது போலச் சொன்னார். “பிரிச்சதாவது சரியா, தப்பா? ஒண்ணாவே இருந்திருந்தா என் பொண்ணு இருந்திருப்பாளா?”

இந்தக் கேள்விக்கு வயரண்ணன் எத்தனையோ விதமாகப் பதில் யோசித்து வைத்திருந்தார். அவற்றையெல்லாம் விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னார்.

“ஒண்ணா இருந்திருந்தா அதை யாரும் நம்பியிருக்க மாட்டாங்க. போன் வந்திருக்கும்,” என்றார். “பிரிச்சது தப்பில்லைங்க. பாதியில விட்டுட்டு முழுசாப் பிரிச்சுட்டேன்னு சொன்னதுதான்...”

டிரைவரின் பார்வை வயரண்ணனைத் தாண்டி லேப் பெண்ணிடம் போனது. அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

“உன்னைத் திட்ட வந்தேன்மா. திட்டலை. அவ்வளவுதான் என்னால முடியும்.” பிறகு வயரண்ணன் பக்கம் திரும்பாமலே, “உன்னை மன்னிக்கிறதுக்கு நான் வரலை” என்றார்.

சட்டென்று திரும்பி இறங்கினார். படியில் ஒரு கணம் தடுமாறிக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். வயரண்ணன் பிடிக்கப் போனார். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, தெருவில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அவர் முனை திரும்பும் வரை மனைவி வாசலிலேயே நின்றாள். பிறகு வயரண்ணனும் உள்ளே வர வழிவிட்டு, கதவைச் சாத்தினாள்.